தேரி மணலில் காந்தம் ஒட்டுகிறதே, அதை வைத்து வயது சொல்ல முடியுமா?

திசையன்விளைப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேரிக்கு, அதாவது அங்குள்ள செம்மணல் மேட்டுக்கு, கூட்டிப் போயிருக்கிறார். ஒரு பையன் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைச் செம்மணலில் இழுத்திருக்கிறான். எடுத்துப் பார்த்தால் காந்தம் முழுக்கக் கறுப்பு மணல், முள்ளம்பன்றி மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. "சீனாவில் காற்று கொண்டுவந்து கொட்டிய மண்ணின் காந்தத்தை அளந்து 25 லட்சம் வருடத்து மழை வரலாற்றைச் சொல்லியிருக்கிறார்களாமே சார். நம்ம தேரியும் காற்று கொட்டிய மண்தானே, இதற்கும் அப்படி வயது பார்க்க முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் டீச்சர். சீனாவில் செய்ததை அப்படியே தேரியில் செய்ய முடியாது. தேரியின் வயதை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மணல் எவ்வளவு மழை பார்த்தது என்று கேட்டால், காந்தத்திடம் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏன் ஒன்று முடியாது, ஏன் இன்னொன்று முடியும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மண்ணின் காந்தம் என்றால் இரண்டு வேறு வேறு சங்கதிகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. ஒன்று, மண் படிந்த காலத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ, அந்தத் திசையை மண்ணிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் பிடித்து வைத்திருப்பது. இன்னொன்று காந்த ஏற்புத்திறன், அதாவது ஒரு சிட்டிகை மண்ணைக் காந்தப்புலத்தில் வைத்தால் அது எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பது. முதலாவதிலிருந்து காலம் கிடைக்கும். இரண்டாவதிலிருந்து மழை, ஈரம், மண் பழுத்த விதம் கிடைக்கும். பையன் காந்தத்தில் ஒட்டியது இந்த இரண்டில் எதுவும் இல்லை. அது மூன்றாவது சமாச்சாரம், அதற்கும் வருகிறேன்.

காலம் எப்படிக் கிடைக்கிறது? எங்கள் ஆச்சிக்குத் தேதி தெரியாது. அத்தை மகளின் வயதைக் கேட்டால், "பாலத்துக்கு மேல வெள்ளம் போச்சே, அப்ப கைக்குழந்தை" என்பாள். தாமிரபரணியில் அந்த வெள்ளம் வந்தது 1992 நவம்பர் என்பது பத்திரிகையில் இருக்கிறது. ஆச்சியின் சொல்லையும் பத்திரிகையையும் சேர்த்தால் வயது வந்துவிடும். ஆச்சி சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டால் வராது. காந்தமும் ஆச்சியைப் போலத்தான். பூமியின் வடக்குக் காந்தத் துருவமும் தெற்குத் துருவமும் இடம் மாறிக்கொண்ட காலங்கள் உண்டு. இன்றைய திசைக்கு நேர் எதிராகக் காந்தம் தேங்கிய பாறையை பிரான்ஸில் பெர்னார் புரூன் கண்டு 1906இல் எழுதினார். ஜப்பானின் மோட்டோநோரி மத்துயாமா, பூமியின் புலமே அந்தக் காலத்தில் தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று 1929இல் சொன்னார். மாற்றம் நடந்தது எப்போது என்பதை 1960களில் எரிமலைக் குழம்புப் பாறைகளைப் பொட்டாசியம்–ஆர்கான் முறையில் அளந்து கணக்கிட்டார்கள். கடைசி முழு மாற்றம் சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன். மத்துயாமாவின் பெயரைத் தாங்கிய தலைகீழ்க் காலம் தொடங்கியது சுமார் 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆக, தேதி எரிமலைப் பாறையுடையது. மண் அடுக்கில் உள்ள காந்தம், "இந்த இடத்தில்தான் அந்த மாற்றம் நடந்தது" என்று விரல் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சீனாவின் லோயஸ் மேட்டுநிலத்தில் இது அருமையாக வாய்த்தது. லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து குவித்த தூசிமண். கோபி முதலிய வறண்ட பரப்புகளிலிருந்து குளிர்காலக் காற்று தூக்கி வந்த மஞ்சள் தூசி அங்கே நூறு மீட்டருக்கு மேல் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கிறது. மஞ்சள் ஆற்றுக்கு நிறம் கொடுத்ததே இந்த மண். இதை மணல் என்று சொல்ல முடியாது. கையில் தேய்த்தால் மாவு மாதிரி இருக்கும், ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு அளவுத் துகள்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுத் திண்ணையில் தூசி படிவது போலச் சத்தமில்லாமல் படிந்த மண். ஃபிரிட்ரிக் ஹெல்லரும் லியூ துங்ஷெங்கும் லுவோச்சுவான் என்ற இடத்தில் இதன் காந்தத்தை அளந்து 1982இல் வெளியிட்டார்கள். மேலே இயல்பான காந்தம், கீழே போகப் போகத் தலைகீழ்க் காந்தம், அதற்கு நடுவே சிறிய இயல்புத் துண்டுகள் என்று எரிமலைப் பாறை சொன்ன வரிசை அப்படியே மண்ணில் இருந்தது. அந்த மண்ணின் வயது 20 லட்சம் ஆண்டையும் தாண்டிப் போனது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் 55 மீட்டர் ஆழத்தில் அந்தக் கடைசி மாற்றம் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், 7,73,000 ஆண்டில் 55 மீட்டர், அதாவது ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் ஏழு சென்டிமீட்டர் தூசி. ஆனால் இது சராசரிதான். பனியுகத்தில் காற்றும் வறட்சியும் கடுமை, தூசி வேகமாக விழும். வெப்பக் காலத்தில் மெதுவாக விழும். இரண்டு குறிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு எல்லா அடுக்குக்கும் வயது எழுதினால் தப்பாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தூசி விழுந்த அன்றே திசை பதிந்துவிடுவதில்லை. மழை நனைத்து, மேலே எடை ஏறி, துகள்கள் அசைய முடியாமல் இறுகும்போதுதான் பூட்டு விழுகிறது. அதற்குள் மேலே இன்னும் மண் சேர்ந்திருக்கும். கடலடி வண்டலில் கடைசித் துருவ மாற்றம் ஒரு வெப்பக் காலத்தில் தெரிகிறது. சீனாவில் பல இடங்களில் அதே மாற்றம் பனியுக லோயஸ் அடுக்குக்குள் தெரிகிறது. ஒரே நிகழ்ச்சி இரண்டு பருவநிலையில் நடக்க முடியாதில்லையா? மண்ணில் பூட்டு தாமதமாக விழுந்ததே காரணம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். எண்களை அட்டவணையில் பார்க்கும்போது இந்தத் தாமதம் யார் கண்ணுக்கும் படாது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, மழைக்கு வருவோம். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

சீன மண்ணை நிற்க வெட்டிப் பார்த்தால் வெளிர் மஞ்சள், பழுப்புச் சிவப்பு, மறுபடி வெளிர் மஞ்சள் என்று பட்டை பட்டையாக இருக்கும். வெளிர் பட்டை, பனியுகத்துத் தூசி. சிவந்த பட்டை, தூசி குறைந்து மழை பெருகிப் புல் முளைத்து உண்மையான மண்ணாகப் பழுத்த காலம். காந்த ஏற்புத்திறனை அளந்தால் சிவந்த பட்டையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். அந்த ஏற்ற இறக்கத்தைக் பனியுகமும் வெப்பக் காலமும் மாறி மாறி வந்ததைக் காட்டும் கடலடி வண்டலின் ஆக்சிஜன் ஐசோடோப்பு வளைகோட்டோடு சேர்த்து வைத்தால், மலைத்தொடரும் தண்ணீரில் அதன் நிழலும் போலப் பொருந்துகிறது.

ஏன் கூடுகிறது என்பதில் கொஞ்ச காலம் வாதம் நடந்தது. சுண்ணாம்பு கரைந்து போனதால் மிச்சமுள்ள இரும்பு செறிவாகத் தெரிகிறது என்றார்கள் சிலர். தொலைவிலிருந்து ஒரே சீராக விழும் காந்தத் துகள், உள்ளூர்த் தூசி குறைந்த காலத்தில் அதிகமாகத் தெரிகிறது என்றார்கள் வேறு சிலர். 1990 வாக்கில் நுணுக்கமாக அளந்தவர்கள், காற்று கொண்டுவராத துகள்கள் சிவந்த மண்ணிலேயே புதிதாக உருவாகியிருப்பதைக் காட்டினார்கள். மழையில் மண் நனைகிறது, உள்ளே காற்று குறைகிறது. இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் துருவைக் கரைக்கின்றன. வெயிலில் மண் காய்கிறது, கரைந்த இரும்பு மறுபடி நுண் துகளாகப் படிகிறது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற காந்தக் கனிமங்கள் மிகச் சிறு துகள்களாக மண்ணுக்குள் விளைகின்றன. ஒரு துகளின் குறுக்களவு மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மழை கூடினால் காந்தம் கூடும் என்று பொதுவிதி எழுதிவிடக் கூடாது. நனைந்து காய வேண்டும் என்பதுதான் முக்கியம். தண்ணீர் தேங்கியே கிடந்தால் கதை தலைகீழ். பாளையங்கால் பாசனத்து வயலில் நடவு நேரத்தில் ஒரு முழம் தோண்டி அந்தச் சேற்றைப் பாருங்கள். ஈயச் சாம்பல் நிறம், அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத சேற்றில் இரும்பு கரைந்து போகிறது, காந்தத் துகளும் அதோடு கரைகிறது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் இதுதான் நடந்திருக்கிறது. அங்கே வெப்பக் காலத்து மண்ணில் ஈரம் தேங்கிக் காந்தம் குறைந்தது. பனியுகத்து லோயஸில், பலத்த காற்று கனமான மேக்னடைட்டையும் தூக்கி வந்ததால் காந்தம் கூடியது. சீனச் சூத்திரத்தை அங்கே போட்டால் மழைக் காலத்தை வறட்சி என்று எழுதிவிடுவோம்.

இப்போது நம் தேரிக்கு வாருங்கள்.

காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி, இடையன்குடி, திசையன்விளையைச் சுற்றிய தேரி. திருநெல்வேலி மாவட்டம் 1986இல் இரண்டாகப் பிரிந்தாலும் மண் ஒன்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆடியில் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்றுதான் தேரியின் முதுகில் மணலை உருட்டுகிறது. முதல் வித்தியாசம் இங்கேதான். லோயஸ் வானத்திலிருந்து தூசியாக விழுந்தது. தேரி மணல் தரையோடு துள்ளித் துள்ளி வந்தது. மேடு நகரும், சரியும், பழைய அடுக்கை அரித்து அதன் மேல் புது மணலைப் போடும். பனையின் ஒரு பக்கம் வேர் வெளியே தெரிய, மறுபக்கம் பாதி மரம் புதைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பக்கங்கள் கிழிந்த புத்தகத்தைப் படிக்கிறோம். சீனாவில் கிடைத்தது தைத்த புத்தகம்.

இரண்டாவது, வயது. தேரி மணலைக் குவார்ட்ஸ் ஒளிர்வு முறையில் காலம் கணித்திருக்கிறார்கள். மணல் மணி கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று சொல்லும் முறை அது. அந்த ஆய்வில் செம்மணல் குவிந்த முக்கியமான காலம் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,000 – 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை என்று வந்தது. கடைசித் துருவ மாற்றமோ 7,73,000 ஆண்டுக்கு முந்தியது. புலம் சிறிது காலம் தடுமாறித் திரும்பிய லாஷாம்ப் நிகழ்ச்சிகூடச் சுமார் 41,000 ஆண்டுக்கு முன் முடிந்துவிட்டது. எனவே அந்தச் செம்மணல் குவிந்த காலத்தில் விரல் வைத்துக் காட்ட ஒரு மாற்றமும் நடக்கவில்லை. ஆச்சிக்கு நினைவிருக்கும்படி வெள்ளமே வராத காலத்தில் பிறந்த பிள்ளை நம் தேரி.

மூன்றாவது, நாம் இருக்கும் இடம். பாடப்புத்தகத்தில் காந்தச் சரிவு, காந்த ஒதுக்கம் என்று படித்திருப்பீர்கள். காந்த ஊசியை நடுவில் தொங்கவிட்டால் தரைக்கு எவ்வளவு சாய்கிறது என்பது சரிவு. உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது ஒதுக்கம். திருநெல்வேலியில் ஊசி ஏறக்குறைய கிடையாகவே நிற்கும், ஏனென்றால் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகே போகிறது. சிற்பத்துக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். நடுக்கோட்டின் மேலே வானத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்க இது தோதான இடம். நீண்ட காலச் சராசரியை எடுத்தால், நம் அட்சரேகைக்குச் சரிவு சுமார் 17 பாகை வர வேண்டும். லோயஸ் மேட்டுநிலத்தின் 35 பாகை அட்சரேகைக்கு அதே கணக்கில் சுமார் 54 பாகை. அங்கே புலம் மாறினால் ஊசி 54 பாகை கீழ்நோக்கியிருந்தது 54 பாகை மேல்நோக்கிப் போகும். மேல் எது கீழ் எது என்று மட்டும் குறித்து எடுத்த மண்கட்டியே போதும், மாற்றம் பளிச்சென்று தெரியும். இங்கே கீழே 17, மேலே 17. மண் இறுகும்போது சரிவு இன்னும் தட்டையாகும். நம் ஊரில் பல லட்சம் ஆண்டுப் பழைய படிவத்தை எடுத்தாலும் ஒதுக்கத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்கு ஒவ்வொரு மாதிரியிலும் வடக்கு அம்புக்குறி பிசகாமல் இருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பது இப்படி: வெட்டிய சுவரை ஒரு சாண் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பெட்டியை மெல்ல அழுத்தி, எடுப்பதற்கு முன்பே திசைகாட்டியை வைத்து அதன் முதுகில் வடக்கைக் கோடு போட வேண்டும். ஆய்வகத்தில் அதைப் படிப்படியாகச் சூடாக்கியோ, மாறும் காந்தப்புலத்தில் வைத்தோ பிற்காலத்தில் ஒட்டிய காந்தத்தை உரித்துப் பழையதை எடுப்பார்கள். மேக்னடைட் 580 பாகை செல்சியஸில் தன் காந்தத்தை இழக்கும், சிவப்பு ஹேமடைட் 675 பாகை வரை தாங்கும். படிக்கிற காலத்தில் நான் இரும்புக் கொல்லுறுவால் மண்ணை வெட்டி எடுத்து நாற்பது மாதிரிகளைப் பாழாக்கியிருக்கிறேன். உதிர்ந்த இரும்புத் தூள் அளவை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. ஒரு வார வேலையும் பஸ் செலவும் போனது பெரிதல்ல. அந்த வெட்டுச்சுவர் அடுத்த மழையில் இடிந்துவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லாமல் போனது. இன்னொன்றும் கவனியுங்கள். இடி விழுந்த மொட்டைப் பனைக்குப் பக்கத்தில் மாதிரி எடுக்கக் கூடாது. மின்னலின் மின்னோட்டம் சுற்றியுள்ள மண்ணின் பழைய காந்தத்தை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும்.

இப்போது பையனின் காந்தம். அதில் ஒட்டியது பெரும்பாலும் மேக்னடைட் மணிகள். அதோடு இல்மனைட்டும் கொஞ்சம் வந்திருக்கும். உவரி, நவ்வலடிக் கரையில் கறுப்புக் கோடாக ஒதுங்குகிறதே, அந்தக் கனமணலின் உறவு. மலைப்பாறைகள் பல கோடி ஆண்டுக்கு முன் உருவானபோதே பிறந்த மணிகள் அவை. தேரி எப்போது குவிந்தது, எவ்வளவு மழை பெய்தது என்று அவற்றுக்குத் தெரியாது. ஆனால் அளவுக் கருவியில் அவற்றின் சத்தம்தான் பெரிது. தேரியில் ஒரு அடுக்கு அதிக ஏற்புத்திறன் காட்டினால், மழை கூடிற்று என்று எழுதிவிடக் கூடாது. காற்று அன்றைக்குக் கனமணலை ஒதுக்கிக் குவித்திருக்கலாம்.

சிவப்பு நிறமும் அப்படித்தான் ஏமாற்றும். தேரி மணலின் பெரும்பகுதி வெள்ளைக் குவார்ட்ஸ். மேலே ஹேமடைட் கலந்த மெல்லிய களிப்பூச்சு, கருப்பட்டிப் பாகு பூசிய பொரி மாதிரி. ஹேமடைட் கண்ணைப் பறிக்கும், காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. செக்கச்செவேல் என்று இருப்பதால் மிகப் பழையது என்றும் சொல்ல முடியாது. நம் வெயிலும் அவ்வப்போது நனைக்கும் மழையும் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே சிவக்க வைத்துவிடும் என்பதற்குத் தேரியே சாட்சி. இந்தச் செம்மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதினார்கள். பழைய கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் அன்றைக்கு அவர்களால் காலத்தை மதிப்பிட முடிந்தது. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல் 120 மீட்டர் வரை இறங்கியிருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற தளம் வெட்டவெளியாகக் கிடந்த காலம் அது. தேரிக்கு மணல் உள்நாட்டுச் செம்மண்ணிலிருந்து வந்ததா, அந்தக் கடல் தளத்திலிருந்து வந்ததா என்ற கேள்விக்கும் கனிமங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும்.

அப்படியானால் காந்தத்தால் தேரிக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். கறுப்பு மணியின் சத்தத்தைத் தள்ளிவிட்டு, மண்ணுக்குள் விளைந்த நுண் துகளின் குரலை மட்டும் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரியை இரண்டு அதிர்வெண்களில், ஒன்றைவிட மற்றது பத்து மடங்காக, அளக்க வேண்டும். பெரிய மணிகளுக்கு இரண்டும் ஒன்றுதான், எண் மாறாது. அந்த ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குத் துகளோ வேகமான அதிர்வுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும், எண் குறையும். குறைவு எத்தனை சதவீதம் என்று பார்த்தால் மண் பழுத்த அளவு தெரியும். மணலைச் சலித்து, களிப்பூச்சை மட்டும் தனியே பிரித்து அளந்தால் இன்னும் தெளிவு. அதே வெட்டுச்சுவரில், வெளிச்சம் படாமல் குழாய் அடித்து எடுத்த மணலுக்கு ஒளிர்வு வயதையும் பார்த்து, இரண்டையும் ஆழத்துக்கு ஆழம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தக் காலங்களில் தேரி ஓடியது, எப்போது புல்லும் உடைமரமும் பிடித்து அடங்கியது என்று நம் ஊருக்கென்றே ஒரு மழைக் கணக்கு எழுதலாம். கார் மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே பிழைக்கும் பூமி இது. சீனாவின் கோடை மழையை வைத்து நம் மழையின் பழைய நடத்தையைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே ஒன்று செய்து காட்டலாம் டீச்சர். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு படி தேரி மணலைப் போட்டுக் கையால் நன்றாகக் கசக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். அதை உடனே வேறொரு பாத்திரத்தில் இறுத்துவிட்டு, இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள். வாளியில் வெளிறிய மணலும், பாத்திரத்தின் அடியில் சிவப்புக் களியும் தங்கும். இரண்டையும் காயவைத்து, காந்தத்தை மெல்லிய பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு தனித்தனியே இழுக்கச் சொல்லுங்கள். வெளிறிய மணலில் கறுப்பு மணி கொத்துக் கொத்தாக வரும். சிவப்புக் களியில் அநேகமாக ஒன்றும் வராது. அப்படிக் கொஞ்சம் தூசி போல ஒட்டினால் அதைத் தட்டிவிடாதீர்கள், தனியே ஒரு தாளில் மடித்து, எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று எழுதி வையுங்கள். ஆய்வகத்தில் இரண்டு அதிர்வெண்ணில் அளந்து பார்க்க வேண்டியது அதுதான். மணல் அள்ள மண்வெட்டி வேண்டாம், சிரட்டை போதும்.